பிரிண்டர் மட்டும் ஓடல

என்னங்க,

கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாத்திட்டேன். இனி மாசாமாசம் வைரஸ் புகுந்து விளையாடாது. நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்களே, காரணம் எனக்குத் தெரியாதா? வைரஸ் எடுக்க வர்ற கம்ப்யூட்டர்காரர் இனி வரலைன்னா, உங்களோட செஸ் ஆட ஆளில்லை. அதானே?

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. புது பாஸ்வேர்டையும் எழுதித் திரையில ஒட்டினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மறந்துட்டேன்: புது சிஸ்டத்துல பிரிண்டர் ஓடல. அவரைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். நான் சாவி எடுத்துட்டுப் போகல. ஆட்ட மும்முரத்துல காலிங் பெல் கேக்காம உக்காந்துடாதீங்க.

இன்னொண்ணு: பிரிண்டரைச் சரிபண்ண எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். அதை அவர்கிட்ட சொல்லித் தொலைக்காதீங்க.