திரையில் விழுந்த வாய்க்கரிசி

என் ஆசை அண்ணனுக்கு,

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை. நீங்கள் விட்டுப்போன லயத்துக் காம்பரா, நம் ஒற்றை அறை, அதே மூலையில்தான் இன்னும் ஒழுகுகிறது.

இங்கே இலங்கையில் ஆட்சி மாறிவிட்டது. புதியவர்கள் இந்தியாவுக்குப் போய்க் கை குலுக்கியதை டீவியில் காட்டினார்கள். இனி இரண்டு நாடும் அண்ணன் தம்பி மாதிரியாம். லயமே கூடிப் பார்த்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாடுகள் சண்டை போட்டா நம்மைப் பிரித்தன? அன்றும் இரண்டு நாட்டுத் தலைவர்களும் இப்படிக் கை குலுக்கித்தானே, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டார்கள்? அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பெரியவன் இந்தியாக் குடியுரிமைக்கு எழுதட்டும், சின்னவன் இலங்கைக்கு எழுதட்டும். எவன் வெரட்டினாலும் மத்த பக்கம் ஒரு வாசல் இருக்கும்டா." நாமும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நம்பினோம். நீங்கள் கூடலூருக்குப் போனீர்கள். சொந்த அண்ணனைப் பார்க்க எவனிடமும் விசா கேட்க மாட்டேன் என்று நான் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை?

நீங்கள் இறந்த அன்று, உங்கள் மகன் குமார் போனில் உங்கள் முகத்தைக் காட்டினான்.

"உங்களுக்காக நானே வாய்க்கரிசி போட்டுடுறேன் சித்தப்பா."

"எனக்காக நீ எதுக்குடா? எங்கிட்ட கை இல்லையா?"

அரிசியை அள்ளி போனின் மேலேயே போட்டேன். விரல் பட்டு அழைப்பு அறுந்துவிட்டது. மறுபடி எடுப்பதற்குள் உங்களைத் தூக்கிவிட்டார்கள். அழுகை வரவில்லை. சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணியில் முடிந்து வைத்தேன்.

போன வாரம் குமார் மறுபடி பேசினான். "இப்ப ரெண்டு கவர்மெண்டும் சிநேகமாயிட்டாங்க. விசா லேசாக் கெடைக்குமாம். வாங்களேன் சித்தப்பா."

"அவனுங்க சிநேகமானாத்தான் எனக்குப் பயம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு. அப்பாவும், 'அவன் மொதல்ல வரட்டும்'னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்துட்டாரு."

மறுநாள் அட்டன் டவுனுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். "பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாதுங்க ஐயா" என்றார் படம் எடுத்தவர். அதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

சமாதானம் நிலைக்குமா என்று தெரியாது. நம்மைப் பங்கு போட்டவர்களை நான் மன்னிக்கவும் இல்லை. விசாத் தாளில் பயணத்தின் காரணம் கேட்டால் வாய்க்கரிசி என்றே எழுதுவேன். வேறு எதுவும் எழுத மாட்டேன். அந்த அரிசி முடிச்சை உங்களைப் புதைத்த மண்ணில் அவிழ்ப்பேன்.

சரி அண்ணே. நானே முதலில் வருகிறேன்.

உங்களைப் போலவே பிடிவாதக்காரனான,
உங்கள் தம்பி