அருவிக்கென்று எடுத்துப்போன கூடை

மதினி,

பரணை ஒதுக்கும்போது நம் வயர்கூடை கிடைத்தது. ஓமத்திரவம் சிந்திய வாடை இன்னும் போகவில்லை. மேலே துண்டும் சீயக்காயும், அடியில் உங்கள் மருந்துச் சீட்டும் வைத்து நாம் கொண்டுபோன கூடை.

உங்கள் வீட்டுக்காரர் தவறியபின், தம்பி வீடென்று எங்களோடு வந்து தங்கினீர்கள். சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். விசேஷ வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முந்தின நாளே வயிறு கலங்கிவிடும். செவ்வாய்க்கிழமை இலஞ்சி முருகனுக்கு விரதம் என்றீர்கள். பிறகு வெள்ளி, சனி என்று கூடிக்கொண்டே போனது. நானும் விரதக்காரி, பாலும் பழமும் எடுத்துவைத்து, என்ன பக்தி என்று நினைத்தேன். ரவிக்கை தொளதொளத்துத் தோளில் நிற்காமல் போனபோதுதான் உறைத்தது. சாமிக்காக அல்ல, சோற்றுக்குப் பயந்துதான் பட்டினி கிடந்தீர்கள்.

தென்காசியில் குடல் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண்ணோ கட்டியோ இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு ஓடுகிறது, பயம் வயிற்றைக் கெடுக்கும், கெட்ட வயிறு பயத்தைக் கூட்டும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மனநல டாக்டருக்கு எழுதிக்கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நகரவில்லை. "வயித்துவலின்னு வந்தவள கிறுக்கின்னு எழுதிக் குடுத்துட்டாரே, ஏட்டி."

"வலி நெசந்தான், மதினி. அந்த வலிக்குத்தான் போறோம்" என்றேன்.

தெருவில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாகச் சொன்னால் வருகிறேன் என்றீர்கள். சாரல் காலம், யாரும் சந்தேகப்படவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு, தலை நனைய வேண்டுமே என்று ஐந்தருவிக்கும் போனோம். மாத்திரை முதலில் குமட்டியது. டாக்டர் அளவைக் குறைத்து, மெல்லக் கூட்டினார். வீட்டுச் செலவு நோட்டில் வயிற்றுக்கு, மனசுக்கு என்று நான் கணக்கைப் பிரிக்கவில்லை; 'மதினி உடம்புக்கு' என்று ஒரே வரியாக எழுதினேன். தூக்கம் வந்தது. பிறகு பசி வந்தது.

சாரல் முடிந்ததை நாம் இருவருமே யோசிக்கவில்லை. பங்குனி வெயிலில் கூடையும் துண்டுமாகத் திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"அருவியில பாறைதான் காயுது. நீங்க ரெண்டு பேரும் எங்கன போயி குளிச்சிட்டு வாறிய?"

நெற்றியில் திருநீற்றை வைத்துக்கொண்டு நான் பாபநாசம் அருவி என்றேன். தலைமுடியில் ஒரு பொட்டு ஈரமில்லை. இன்றோடு வைத்தியத்தை விட்டுவிடுவீர்களோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

நீங்கள் கூடையைக் கீழே வைத்தீர்கள். "இவ பொய் சொல்லுதா. நான் மனசு டாக்டர்ட்ட போறேன், வயித்துக்கு. இப்ப மூணு இட்லி திங்கேன்."

அக்கா சிரிக்கவில்லை. "செமிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த தடவை அவளும் நம்மோடு பஸ் ஏறினாள். அவள் கையிலும் ஒரு கூடை, அதில் ஒரு துண்டு.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அன்று மத்தியானமும் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அது ஒன்று எனக்கு நிம்மதி.

இப்போது யாராவது வயிறு சரியில்லை என்றால், முதலில் குடல் டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். கூடவே, தூக்கம் வருகிறதா என்றும் கேட்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்கு நாளைக்கு டாக்டரிடம் போகிற முறை, துணைக்கு நான்தான். கூடையைக் கழுவிக் காயவைத்து, அவள் சீட்டை மேலாகவே வைத்திருக்கிறேன்.

துண்டு வைக்கவில்லை, மதினி.