'கிளீன்' கட்டளையின் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனையின் முன்னாள் துப்புரவுத் தொழிலாளி,
மகள் வீடு, மாடி அறை.

பெறுநர்:
கையேட்டுப் பிரிவு அலுவலர் அவர்கள்,
கோப்புகளின் பழைய வடிவங்களைக் காக்கும் மென்பொருள் நிலையம்.

பொருள்: 'கிளீன்' கட்டளையின் விளக்கத்தைத் தெளிவாக்கவும், என் மனைவியிடம் என் மானத்தைக் காக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சமீபத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். கண்ணில் படுவதை எல்லாம் படித்துவிடுகிறேன். மருந்துச் சீட்டு, சோப்பு உறை, இப்போது தங்கள் கையேடு. எழுத்து பெரிதாக இருந்தது. மிக்க நன்றி.

1. என் மகள் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறாள். அவள் கணினியில், அவள் வேலை இருக்கும் அதே இடத்தில், என் மனைவியைப் பற்றி நான்கு பக்கம் ஒற்றை விரலால் தட்டி வைத்திருந்தேன். திருமண நாளன்று அவளுக்குப் படித்துக் காட்ட எண்ணம்.

2. முடித்தபோது மகள் குளிக்கப் போயிருந்தாள். திரையில் தங்கள் கையேடு. "பதிவு செய்யப்படாத கோப்புகளை அகற்றி இடத்தைச் சுத்தமாக்கும்" என்றிருந்தது. வேலை முடிந்தபின் இடத்தைச் சுத்தம் செய்யாமல் நான் வீட்டுக்குப் போனதே இல்லை. கட்டளையைத் தட்டினேன். கணினி மறுத்தது. "மறுத்தால் கட்டாயக் குறியைச் சேர்க்கவும்" என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். சேர்த்தேன்.

3. பேருந்தைக் கழுவும்போது கிடைக்கும் குடை, கண்ணாடி, ஒருமுறை பல்செட்டு, எல்லாவற்றையும் அகற்றித் தவறவிட்ட பொருள் அறையில் வைப்போம். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். பல்செட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். ஆகவே என் பக்கங்களைக் காணாதபோது நான் பதறவில்லை. "அந்த ரூம் எங்கம்மா இருக்கு?" என்று மகளைக் கேட்டேன். "அப்படி ரூமே கிடையாதுப்பா. போனது போனதுதான்" என்றாள். அவள் வேலை தங்கள் மென்பொருளின் பதிவில் இருந்ததால் தப்பித்தது. என் பக்கங்களையும் அதில் பதிய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

4. என் மனைவி நம்பவில்லை. "எழுதலைன்னா எழுதலைன்னு சொல்லுங்க. பாவம், அந்த மிஷின் மேல ஏன் பழி போடுறீங்க?" என்கிறாள். இப்போது டிவி ரிமோட்டைக் கேட்க மட்டுமே என்னிடம் பேசுகிறாள்.

ஆகவே, "அகற்றியவை எங்கும் எடுத்து வைக்கப்படுவதில்லை, திரும்பக் கிடைக்கா" என்ற வரியை முதலிலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எதெது போகும் என்று முன்கூட்டிக் காட்டும் ஒத்திகைக் குறியைக் கையேட்டின் அடியில் வைத்திருக்கிறீர்கள். நான் மெதுவாகப் படிப்பவன். அடிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திருத்திய பக்கத்தை என் மனைவி பெயருக்கு அனுப்பவும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினால், அந்த வரியை நானே சேர்த்துக்கொண்டேன் என்பாள். எனவே சத்தமாகப் படிக்கக்கூடிய அலுவலர் ஒருவரையும் கூடவே அனுப்பி வைக்கவும். திருமண நாள் வரும் ஞாயிற்றுக்கிழமை. அவர் அதற்கு முன் வந்தால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், கைநாட்டு அல்ல)

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: மாடி அறை, கணினிக்குச் சற்றுத் தள்ளி