கொசுறுக்கு அபராதம்

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். மொட்டை மாடித் தரை காலைச் சுட்டது. கருவாட்டுக்கு நல்லது, எனக்கு இல்லை.

மாதா பிறந்த நாள். அம்மா பெசன்ட் நகர் கோயிலுக்குப் போயிருக்கிறாள், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே. கடைக்காக வேண்டிக்கொள்வாளாம். “ஆன்லைன்னு சொன்னா மாதாவுக்குப் புரியுமாடி?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

இன்று:
நெத்திலி, எடை.
வாளை, தலை வெட்ட வேண்டும்.
சென்னாகுன்னி, அதாவது பொடி இறால், மண் புடைக்க வேண்டும்.
படம், மறுபடி.

வஞ்சிரத்தின் படத்தை நாங்கள் விற்கும் ஆன்லைன் தளம் திருப்பி அனுப்பிவிட்டது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் வெள்ளைக்கு எங்கே போவது? சுவர் பச்சை, பெட்ஷீட்டில் பூ. கடைசியில் பெட்டியிலிருந்து, சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது போட்ட என் வெள்ளை கவுன். விரித்து அதன்மேல் கருவாட்டை வைத்து எடுத்தேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அம்மா பார்த்தால் துடைப்பம்தான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். எடை போட்டு பாக்கெட்டில் நிரப்புவது நான். சீல் வைப்பது அம்மா. அதற்குள் நான் மந்தைவெளி ஜெராக்ஸ் கடைக்குப் போய் முகவரி பிரிண்ட் எடுத்து வந்துவிடுவேன். உணவு உரிமம், வங்கி, கடை, எல்லாம் அம்மா பெயரில். ஸ்டெல்லா கருவாடு. ஆர்டர் மெல்ல ஏறுகிறது. வாங்கியவர்களே திரும்ப வாங்குகிறார்கள்.

தி.நகர் துணிக்கடையில் சேலை மாடியில் கடை சாத்தும்வரை நின்றவள் நான். வேலையாட்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஸ்டூல் போட்டார்கள். யாரும் உட்காரக் கூடாது. மடித்த துணியை வைப்போம். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு இன்னும் இருக்கிறது. இந்தக் கடை ஓடினால் அங்கே திரும்பிப் போக வேண்டாம். அவ்வளவுதான் என் லட்சியம். கனவு, தொழில்முனைவு, அதெல்லாம் மேடையில் மைக் பிடிப்பவர்களுக்கு.

செப்டம்பர் 11, வியாழன்

புழுக்கம். பாஷா அண்ணன் வந்தார், பார்சல் எடுக்கும் கூரியர்காரர். மூக்கைப் பொத்தாமல் எங்கள் படி ஏறியதே இல்லை.

“தங்கச்சி, உன் பார்சலோட ஒரு செல்போன் வச்சேன். அந்தாளு நாறுதுன்னு போனத் திருப்பி அனுப்ட்டான்.”

அம்மா உள்ளேயிருந்து, “ஏன், போன்ல சோறு துன்றானா?”

அவர் சிரித்துவிட்டார். மூக்கிலிருந்து கை எடுக்காமலே.

வாங்கியவர்கள் எழுதியது: சொன்னதைவிட அதிகம். நம்பி வாங்கலாம். தாராள மனசு. எல்லாம் ஐந்து நட்சத்திரம். ருசியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம்: கருவாட்டு வாசனை வருகிறது. பின்னே, மல்லிகையா வரும்?

மயிலாப்பூரிலிருந்து ஒரு கேள்வி. பெட்டிமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் அனுப்ப முடியுமா, வீட்டுக்காரர் பார்த்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார். வாடகை கொடுத்தும் தன் வீட்டில் ஒளிந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. திட்டி எழுத நினைத்தேன், யாரை என்று தெரியவில்லை. பழைய சேலைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மெயில். நான் பதிந்த எடைக்கும் அவர்கள் குடோனில் மிஷின் பார்த்த எடைக்கும் வித்தியாசம். ஒரு பார்சலில் இல்லை, எல்லாவற்றிலும். அபராதம் பிடித்துவிட்டார்கள். இது இரண்டாவது எச்சரிக்கையாம். முதலாவது ஸ்பேமில் கிடந்தது. மூன்றாவது வந்தால் கடை மூடப்படும்.

ஏழை என்றால் மிஷின்கூட ஏமாற்றும். பாஷா அண்ணன் வந்ததும் சண்டை. வழியில் நனைத்தீர்களா, எதையாவது சேர்த்துக் கட்டினீர்களா என்று என்னென்னவோ கேட்டுவிட்டேன். பாவம், மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நான் எடுத்துக்கினு போறேன், குடுக்கறேன். எனக்கு இன்னாமா தெரியும்? நீயே ஒருவாட்டி போட்டுப் பாரேன்.”

சீல் வைத்த பாக்கெட் ஒன்றைத் தராசில் வைத்தேன். கவரில் போட்டதைவிட எடை கூட. இன்னொன்று. அதுவும் கூட.

அம்மாவைப் பார்த்தேன். அவள் வாளையைப் பார்த்தாள்.

நான் ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போதெல்லாம், சீல் வைக்கும்முன் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு பிடி போட்டிருக்கிறாள். ஆரம்பத்திலிருந்தே. ரோட்டோரம் அன்னக்கூடை வைத்து விற்ற காலத்துப் பழக்கம்.

“யம்மா, யாருமே கேக்கலியே.”

“கேட்டுப் போட்டா அது கொசுறாடி? நாளைக்கு என் மூஞ்சப் பாத்தா அவ திட்டமாட்டா?”

“அவங்க உன் மூஞ்சியப் பாக்கவே மாட்டாங்கமா. பெங்களூர்ல கீறாங்க.”

“பாக்கமாட்டான்றதுக்கோசரம் கம்மியா குடுப்பியா?”

கத்தினேன். கொசுறு நிறுத்தம். மாதாமேல் சத்தியம் வாங்கினேன். அம்மா சாப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் தூறல். மாடியிலிருந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இறங்கினோம். பாதி காய்ந்தது, பாதி ஈரம்.

எடை இப்போது கிராம் பிசகவில்லை. மெயில் இல்லை. ஆனால் இது:

முன்பு நன்றாகக் கொடுத்தார்கள். இப்போது குறைத்துவிட்டார்கள்.
ஆசை காட்டி ஏமாற்றும் கடை.
எல்லோரும் ஒரே மாதிரிதான், கொஞ்சம் ஓடியதும் கைவரிசை.

எல்லாம் பழைய ஆட்கள். கவரில் போட்டிருக்கும் எடை அப்படியே உள்ளே இருக்கிறது. தளத்துக்கு எழுதினேன், நாங்கள் குறைக்கவில்லை என்று. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில். மறுபடி எழுதினேன். அதே வருத்தம், வேறு பெயரில். கூடக் கொடுத்தால் மிஷின் அடிக்கிறது, சரியாகக் கொடுத்தால் மனுஷன் அடிக்கிறான். நட்சத்திரம் இறங்கியதும் தேடினால்கூட எங்கள் கடை கண்ணில் படுவதில்லை. ஐந்தாம் பக்கத்துக்குப் போய் நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வாளைத் தலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாலை தி.நகர் சூப்பர்வைசர் போன். “இன்னாமா ஜெனி, கருவாட்டுக் கம்பெனி எப்டிப் போவுது? தீபாவளி சீசன். வர்றதுன்னா இப்பவே சொல்லு. நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வா.” பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். வரமாட்டேன் சார் என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

யோசனை வந்தது. ரொம்ப எளிது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

அம்மாவின் பிடியை எடை போட்டுப் பார்த்தேன். நாலைந்து தடவை அள்ளச் சொன்னேன். அதிசயம், பெரிய வித்தியாசமே இல்லை. அந்த எடையையும் சேர்த்துத் தளத்தில் மாற்றிவிட்டேன், கவரிலும். விலை பழையதே. லாபம் சுருங்கும். சுருங்கட்டும், கடை இருக்கும். மிஷினுக்கும் கணக்கு சரி, பெங்களூர்க்காரிக்கும் கொசுறு.

அம்மாவிடம் சொன்னேன்: இனி நீ போடலாம், உன் கைப்பிடியோடு சேர்த்துத்தான் நான் நிறுக்கிறேன். முகம் மலர்ந்துவிட்டது. மத்தியானம் வாளைக் கருவாட்டுக் குழம்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 27, சனி

மழை. மாடி வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே ஃபேன் அடியில் காயப்போட்டோம். தலைமுடி, தலையணை, எல்லாம் நெத்திலி. ஆர்டர் மறுபடி வருகிறது. ஒரு ஐந்து நட்சத்திரம்: பழைய கடை திரும்ப வந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். சத்தியமாக அழுகை வந்தது.

ஜெராக்ஸ் கடையில் கரன்ட் இல்லை. ரொம்ப நேரம் நின்று லேபிள் வாங்கி வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் சீல் வைத்துவிட்டாள். பாஷா அண்ணன் அவசரத்தில் இருந்தார். மறுபடி எடை பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

மூன்றாவது எச்சரிக்கை. எடை வித்தியாசம், எல்லாப் பார்சலிலும்.

மூடிவிட்டார்கள். இதே பெயரில், இதே உரிமத்தில் இனி கணக்கு திறக்க முடியாது. முறையிட ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். தங்கள் சிரமத்துக்கு.

அம்மாவைக் கேட்டேன். ஒளிக்கவில்லை, ஆச்சரியப்பட்டாள்.

“கவர்ல எழுதிக் கீறது அவ காசுக்கு. கொசுறு அதுக்கு மேலதானடி? அதான் இன்னொரு பிடி போட்டேன்.”

“யம்மா, அந்தப் பிடியையும் சேத்துத்தான் எழுதிக் கீதுன்னு சொன்னேனே.”

“எழுதிட்டா அது அவ சரக்கு. அதக் குடுத்துட்டு கொசுறு குடுத்தேன்னு எந்த வாயால சொல்றது?”

கத்தவில்லை. கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும், அது அம்மா இல்லை. அந்த மிஷின் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்பார் பாஷா அண்ணன். அங்கே போய் அதன் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது?

சூப்பர்வைசருக்கு நானே போன் செய்தேன். தெரியும்மா என்றார். நாளை மறுநாள் காலை. சேலை மாடி நிரம்பிவிட்டதாம், குழந்தைகள் பிரிவு. அங்கே ஸ்டூலும் கிடையாது.

அக்டோபர் 2, வியாழன்

விட்டு விட்டு மழை. தகவல் தெரியாமல் பாஷா அண்ணன் வந்தார். பார்சல் இல்லை என்றேன். தன் வீட்டுக்கு நெத்திலி ஒரு பாக்கெட் கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்து, மேலே ஒரு பிடியைத் தாளில் மடித்துத் தந்தாள். “போதும்கா, போதும்கா” என்றார். வாங்கிக்கொண்டார். திரும்பி இறங்கும்போது மூக்கைப் பொத்தினாரா என்று நான் பார்க்கவில்லை.

மிச்சத்தை நாளை ராயப்பேட்டை மார்க்கெட் வாசலில் கொண்டுபோய் உட்காரப் போகிறாள். பாக்கெட்டுகளைக் கிழித்து அன்னக்கூடையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். பழைய பாக்கெட்டுகள், கொசுறு நிறுத்தியிருந்த வாரத்தில் நானே எடை போட்டு, நானே சீல் வைத்தவை. கிழிக்கும்முன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்கிறாள்.

“கம்மியா கீதுடி ஜெனி.”

யூனிஃபார்ம் சேலையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன். காயவில்லை.