நீலக் கப்பலா, வெள்ளைக் கப்பலா

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமே இல்லை. ஒரு பெரியவர் சோதனைப் பலகையின் எழுத்துகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். நாங்கள் பலகையை மாற்றி ஒரு மாதமாகிறது என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார், வாயெல்லாம் பல். இந்த வருடம் அதிக டயர் விற்ற கடைக்காரர்களை ஜோடியாக ஏழு நாள் கப்பல் பயணம் அனுப்புகிறதாம் கம்பெனி. இவருடைய டயர் கடையும் அதில் உண்டு. இரண்டு கப்பல்கள், எது வேண்டும் என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். படப் புத்தகங்கள் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். வெள்ளைக் கப்பலுக்குப் பதினெட்டு மாடி, மொட்டை மாடியில் தண்ணீர்ச் சறுக்கு. நீலக் கப்பலுக்குப் பதினைந்து மாடி, கொஞ்சம் பழையது.

நீலத்தின் பெயரைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னவன் வேலை செய்வது அதில்தான்.

இவருக்கு அது தெரியாது.

மார்ச் 4, புதன்

எனக்கே பெரியவள் சொல்லித்தான் தெரியும். அக்காவோடு மட்டும் அவன் பேசுகிறான். என் எண்ணிலிருந்து அழைப்பு போனால் எடுப்பதில்லை. நான்கு வருடமாகிறது.

அவன் படிப்பை முடிப்பதற்கு முன்பே இவர் கடைப் பலகையில் ‘அண்ட் சன்’ என்று எழுதி வைத்துக் காத்திருந்தார். அவன் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "ஊரான் படுத்த மெத்தையத் தட்டிப் போடவா உன்னப் படிக்க வச்சேன்? போ. இந்த வாசல்ல இனிமே கால் வைக்காத," என்று கத்தினார் இவர். அப்போது சின்னவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? அடுப்பைக் குறைத்தேன். அது ஏற்கெனவே சின்னதாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பலகையில் இப்போது ‘அண்ட் கோ’ என்று இருக்கிறது. கோ என்றால் நானும் பஞ்சர் ஒட்டுகிறவரும்.

மார்ச் 6, வெள்ளி

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன். நீலக் கப்பலில் போனால் என்னென்ன ஆகும்? எங்கள் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு வாளியும் துடைப்பமுமாக அவனே வந்து நிற்கலாம். இவர் வாய் கொப்பளித்து அவன் கழுவிய தொட்டியில்தான் துப்ப வேண்டும். இவர் கம்பெனி ஆட்கள் முன்னால் ஏதாவது ஒரு வார்த்தையை விட்டுவிடலாம். இவருக்கு வாய்க்கும் மூளைக்கும் நடுவே பிரேக் கிடையாது. இல்லையென்றால் தூரத்தில் பார்த்துவிட்டு அவன் வேறு பக்கம் திரும்பிப் போகலாம்.

இல்லை, இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நேருக்கு நேர் பார்த்து, பழக்கதோஷத்தில், ‘குட் மார்னிங் மேடம்’ என்று சொல்லிவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

சாயங்காலம் இவர், "வெள்ளையே போலாமா? பெருசுன்னா பெருசா இருக்கணும்," என்றார். "சரிங்க, வெள்ளையே இருக்கட்டும்," என்றேன், கேள்வி முடிவதற்கு முன்பே. அவ்வளவு நிம்மதி. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். படுக்கும்போதுதான் உறைத்தது: மறுபடியும் அடுப்பைக் குறைத்திருக்கிறேன்.

மார்ச் 11, புதன்

பெரியவள் பேசினாள். சின்னவனுக்கு இந்தக் கப்பலில் வேலை ஜூனோடு முடிகிறதாம். அடுத்தது எங்கோ உலகத்தின் அந்தப் பக்கம் ஓடும் கப்பல். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"நடுவுல ஊருக்கு வர மாட்டானா?" என்றேன்.

"எந்த ஊருக்கும்மா வருவான்? வாசல்ல கால் வைக்காதன்னுதானே சொன்னீங்க."

"நான் சொல்லலையேடி."

"நீ சொல்லல. நீ எதுவுமே சொல்லலம்மா."

அதற்குப் பிறகு அவள் மாமியாரின் முட்டிவலி பற்றியெல்லாம் பேசினோம். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மார்ச் 12, வியாழன்

நீலம். நீலம்தான். இவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 14, சனி

உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் வெள்ளைக் கப்பல் மேல் பழி போட ஆரம்பித்திருக்கிறேன். பதினெட்டு மாடிக் கப்பல் காற்றடித்தால் சாயாதா என்றேன். ஆறாயிரம் பேர் ஏறுவார்களாம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் வராதா என்றேன். தண்ணீர்ச் சறுக்கில் ஒருவர் இடுப்பு ஒடிந்ததாக யாரோ சொன்னார்கள் என்றேன். யாரும் சொல்லவில்லை.

"போன ஞாயித்துக்கெழமை வெள்ளைன்னே, இப்ப நீலங்கற. உனக்கு என்னதான் ஆச்சு?"

"பயமா இருக்குங்க."

"நீலக் கப்பல் மட்டும் என்ன தரையிலயா ஓடுது?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவரும் சிரித்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாவு அரைக்க எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கடையில் ஒரு அம்மாவுக்குப் பவர் மாற்றி மாற்றிப் போட்டேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" அந்த அம்மா எதற்கும் பதில் சொல்லாமல் திருதிருவென்று விழித்தார். "பயப்படாம சொல்லுங்க, தப்பா சொன்னா ஒண்ணும் ஆகாது," என்றேன். அடுத்தவருக்குச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு வெள்ளைன்னு போட்டுக் குடுத்துடறேன், உன் கூத்தப் பாத்துக்கிட்டிருந்தா தேதி போயிடும்," என்றார். பேனா மூடியைத் திறந்தார். என்னமோ ஆகிவிட்டது எனக்கு. "சின்னவன் அந்த நீலக் கப்பல்லதாங்க இருக்கான், ஜூனோட போயிடுவான், அப்புறம் எப்பப் பாப்பேன், நீங்க வேணா வெள்ளையில போங்க, நான் தனியா நீலத்துல போறேன்" — ஒரே மூச்சில். சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு டி.வி.யை நிறுத்திவிட்டார்கள்.

இவர் எழுந்தார். கை கழுவினார். பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அய்யோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். கம்பெனிக்கே போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா?

மார்ச் 18, புதன்

பேசவில்லை.

மார்ச் 19, வியாழன்

பேசவில்லை. உப்பு இல்லாத குழம்பைக் கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

மத்தியானம் டயர் கம்பெனிக்காரர் என் கண்ணாடிக் கடைக்கே போன் செய்தார், பாஸ்போர்ட்டில் என் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்க. "சார் நீலத்துக்கு எழுதிக் குடுத்திருக்காரும்மா. எல்லாரும் வெள்ளை வெள்ளைன்னு நிக்கறாங்க, அதுலயே இன்னும் நிறைய இடம் இருக்கு, மாத்திக்கறீங்களான்னு கூடக் கேட்டேன். முடியவே முடியாதுன்னுட்டார்."

ராத்திரி சாப்பிடும்போது இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளையில இடம் இல்லையாம். நீலம்தான் கெடச்சுது."

"அப்படியா," என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பெரியவள் மூலம் அவனுக்குத் தகவல் அனுப்பியாகிவிட்டது. மே பதினேழு ஏறுகிறோம், அறை எண் இது, அப்பாவும் வருகிறார். பார்த்துவிட்டானாம். பதில் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில் இல்லை. "வேலை அதிகமா இருக்கும்மா," என்கிறாள் பெரியவள். பொய் சொல்வதில் அவள் என்னைக் கொண்டிருக்கிறாள், உடனே தெரிந்துவிடுகிறது.

ஏப்ரல் 27, திங்கள்

எங்களுக்காகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாரம் இறங்கிவிடுவானோ?

மே 9, சனி

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். சாயம் கூட அடித்திருக்கிறார். காதோரம் கறுப்பு ஒட்டியிருக்கிறது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பிறகு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அவன் எந்த மாடியில வேலை பாக்கறான்?"

ஐந்து என்றேன். எங்கள் அறை எட்டில்.

"ம்," என்றார். சற்றுப் பொறுத்து, "நம்ம அறைய நாமளே கூட்டிக்கலாம்ல?" என்றார்.

இவ்வளவு நாளும் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

மே 16, சனி

நாளைக்கு. அவன் திரும்பிக்கொண்டு போனால் நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ஏழு நாள் நடுவில் இறங்க முடியாது.

மே 17, ஞாயிறு — கப்பலில்

எழுத்து கோணலாக இருந்தால் கடல் மேல் பழி போட முடியாது, கப்பல் கரையை விட்டு நகர்ந்ததே இப்போதுதான்.

ஏறியதிலிருந்து எதிரில் வந்த ஒவ்வொரு சீருடையையும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. எங்கள் அறைக்கு வேறு ஒரு பையன் வந்து வணக்கம் வைத்தான். இவர் அவனைக் கும்பிட்டே விட்டார். நான்கு மணிக்கு மணி அடித்தது. கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் அவரவர் கூடத்தில் கூட வேண்டுமாம், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சிக்கு. சமையல்காரர், துணி துவைப்பவர், அறை கூட்டுபவர் எல்லோருக்கும் இதில் பொறுப்பு உண்டு, அந்த நேரத்தில் அவர்கள் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று எங்களோடு வந்த கம்பெனிக்காரர் விளக்கினார்.

எங்கள் கூடத்தில் நூறு பேர் இருக்கும். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் வந்து நின்றது சின்னவன்.

இளைத்திருக்கிறான். தோள் மட்டும் அகன்றிருக்கிறது. ஒவ்வொரு அறை எண்ணாகப் படித்தான், ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். எங்கள் எண் வந்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் தலையை நிமிர்த்தி, நேராக என்னைப் பார்த்து, இன்னொரு தடவை படித்தான். அதே பார்வை. நான்கு வருடத்துக்கு முன்னால் பார்த்தானே, அதே பார்வை.

"இருக்கோம்ப்பா," என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "ரெண்டு பேரும் இருக்கோம்."

பென்சிலால் குறித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அழுத்திக் குறித்தான்.

பிறகு எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டிருந்தேனாம். கழற்றி மாற்றிப் போட்டுவிட்டு, காதருகில், "எனக்குப் போட்டிருந்தது அஞ்சாவது மாடிக் கூடம்மா. கேட்டு இங்க மாத்திக்கிட்டேன்," என்றான். அடுத்து இவர் முன்னால் போய் நின்றான்.

"கையத் தூக்குங்க."

தூக்கினார். அவன் வாரை இழுத்துக் கொக்கியை மாட்டினான். "இறுக்கமா இருக்காப்பா?" என்றான். இவர் இல்லை என்று தலையாட்டினார். அவன் அடுத்தவரிடம் போய்விட்டான்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி அடுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். கூடம் காலியாகிவிட்டது. இவர் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். வாங்க போகலாம் என்றேன்.

"அவுக்கத் தெரியல," என்றார்.

துருப்பிடித்த லாரிச் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிறவர். நான் குனிந்து கொக்கியில் கை வைத்தேன். தட்டிவிட்டார்.

"கட்டினவன் வந்து அவுக்கட்டும்."

சின்னவன் கூடத்தின் அந்தக் கோடியில் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக வந்தான். ஒரு கொக்கியை அவிழ்க்க அவனுக்கு வெகு நேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.