சோடியம் அயனிக்கு 6.85

20 ஜூன் 1938, திங்கள்

சாரல். காற்று கூரை ஓட்டைப் பிரிக்கிறது. சுருளிப்பட்டிக்கு வந்து இருபத்தோராம் நாள். ஒரு வாரம் என்றுதான் சென்னையிலிருந்து அண்ணன் அழைத்து வந்தான். வாசல் தாண்டக் கூடாது, பெண் பார்க்க வருகிறார்களாம்.

கல்லூரிப் பேராசிரியர் கேட்ட அட்டவணையைத் தபாலில் போட அண்ணனிடம் கொடுத்துப் பத்து நாள். பதில் இல்லை. கேட்டால், "தபால்ல போட்டாச்சுன்னு எத்தன தடவ சொல்ல?"

22, புதன்

தலைக்குக் குளித்தேன். அட்டவணைப் பிரதியை மறுபடி பார்த்தேன். செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது உள் எலக்ட்ரான்கள் மறைத்தது போக வெளி எலக்ட்ரானுக்கு எட்டும் இழுப்பு. சோடியம்: 11இல் 8.8 கழித்து 2.2. சரி. அயனிக்கும் அதே 2.2 போட்டிருக்கிறேன்! வெளி எலக்ட்ரான்தான் போய்விட்டதே. இப்போது ஓரத்தில் இருப்பது உள்கூட்டு எலக்ட்ரான். அதற்கு மறைப்பு 4.15தான். 11 − 4.15 = 6.85. எவ்வளவு பெரிய தப்பு. வெட்கம். உடனே திருத்தி எழுத வேண்டும்.

மதினி உளுந்து புடைத்துக்கொண்டே, "யாருக்கு ஆத்தா கடுதாசி?"

சொன்னேன். முறம் நின்றது.

"மொதக் கடுதாசியே போகலத்தா. ஒங்கண்ணன் பெட்டிலதான் கெடக்கு."

23, வியாழன்

அண்ணன் வயலுக்குப் போனதும் மதினி பெட்டியைத் திறந்தாள். என் உறை அப்படியே. அடியில் பேராசிரியர் எழுதியது, பிரித்த நிலையில். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஜூலை முதல் தேதி நேரில் வர வேண்டும், தவறினால் வேறு ஆள்.

மத்தியானம் கேட்டேவிட்டேன். அண்ணன் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "ஞாயித்துக்கெழம அவுக வாராக. வேலைக்குப் போற பிள்ளைய எவன் கட்டுவான்?"

சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

24, வெள்ளி

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. புதுச் சேலை வந்தது, அரக்கு. பிரிக்கவில்லை.

25, சனி

காலையில் மதினி அண்ணனிடம், "சின்னமனூர்ல எங்காத்தாவுக்கு மேலுக்கு முடியலையாம். துணைக்கு இவளக் கூட்டிட்டுப் போறேன். பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவோம்." தலையாட்டினான்.

சின்னமனூரில் இறங்கினோம். அவள் ஆத்தா வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மதுரை பஸ்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லுவீங்க மதினி?"

"பஸ்ஸு ஏத்தி விட்டேன்னு சொல்லுவேன்."

"அடிச்சா?"

"ஏறுத்தா. ஆளுக பாக்குறாக."

வீரபாண்டி தாண்டியாச்சு. பென்சில் குலுங்குகிறது. மதினி போட்டுவிட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.