பெயரிலேயே சாம்பல்

1926 பிப்ரவரி 20

இன்று ஒன்பது சொங்கோக் தொப்பி தைத்தேன். ஒன்று கோணல். கோணல் தலையோடு ஒருவர் வராமலா போவார்?

குருபோங்கில் என் மனைவி ஆயிஷாவின் தகப்பனார் கொடுத்த நிலத்தில் லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. மூன்று வாரமாக மழை இல்லை. நாளை ஒரு தீக்குச்சி கிழித்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். மண்வெட்டி தூக்குகிறவனுக்கு மூளை இல்லை என்று ஆயிஷாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 21

வேலை முடிந்தது. எல்லாமே முடிந்தது.

பிப்ரவரி 23

இன்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று திரும்பிவிட்டது. புல்லோடு நிற்க வேண்டிய நெருப்பு சரிவில் ஏறி, மேலேயிருந்த புதர்க்காடு முழுவதையும் தின்றது. கீழேயும் இறங்கியது; அங்கே குடியிருக்கும் மலாய்க்காரர் பாக் யூனுஸும் அவர் மக்களும் ஈரச் சாக்கால் அடித்து அடித்துத் தங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மகள் மஜீதாவின் ரம்புத்தானும் போயிற்று. அவள் பிறந்த அன்று நஞ்சுக்கொடியைச் சட்டியில் வைத்து நான் புதைத்த இடத்தில் நட்ட மரம். பத்தொன்பது வருஷம்!

பாக் யூனுஸ் முகமெல்லாம் கரியோடு வந்து நின்றார். அவர் பாஷையில் ‘அபு’ என்றால் சாம்பல், ‘பாக்கார்’ என்றால் எரிப்பது. “அபூபக்கர்னு உங்க பேர்லயே எழுதியிருக்கு. நாங்கதான் படிக்காம விட்டுட்டோம்” என்றார். உடனே பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கேட்க வேண்டியவர் அவரா? நபிகளின் தோழர், எவ்வளவு பெரியவருடைய பெயர் அது! பெயரில் குற்றமில்லை. சுமக்கிற கழுதையில்தான்.

மார்ச் 2

ஒன்பதே நாள். கரிக்கு நடுவில் பச்சை தெரிந்தது. ஓடிப் போய்க் குனிந்தேன் — லாலாங்! எதைக் கொல்லப் போனேனோ அது மட்டும் பிழைத்திருக்கிறது. மேலே நான் ஆடிய கூத்தையெல்லாம் அதன் வேர் மண்ணுக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மண்வெட்டியைப் போட்டேன். சுட்ட ஓட்டில் போட்டது போல் துள்ளித் திரும்பியது.

ஏப்ரல் 2

மஜீதா புருஷன் ஊரான செமாபோக்கிலிருந்து வந்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். உம்மாவிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. சந்தோஷப்பட வாய் திறந்தேன். அதற்குள் —

“என் பிள்ளைக்கு நஞ்சுக்கொடிய எங்க புதைப்பீங்க வாப்பா? என் மரத்துக்குப் பக்கத்துலனு எத்தன தடவ சொல்லியிருப்பேன். இப்ப சாம்பல்லயா?”

வேறு கன்று நடுகிறேன் என்றேன்.

“நீங்க ஊசியோட இருங்க. அதுலதான் தீப்பிடிக்காது.”

போகும்போது என் சட்டைப் பையில் கைவிட்டு நெருப்புப் பெட்டியை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். இந்தத் தெருவே பார்த்தது. இனி என்னோடு பேச மாட்டாளாம்.

ஏப்ரல் 9

பெருமழை. பிடித்து நிறுத்த ஒரு புல்லும் இல்லாமல் சரிவின் மேல்மண் கறுப்புத் தண்ணீராக இறங்கி பாக் யூனுஸின் கிணற்றுக்குள் போயிற்று. அவர் ஒரு குவளையில் மொண்டு என் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். நோன்பும் அதுவுமாக, எரிந்த கட்டைகளை இழுத்துச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தினேன், மிச்ச மண்ணாவது நிற்கட்டும் என்று. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கரி அப்பிய என்னைப் பார்த்து அழுதது.

மே 11

பெருநாளுக்குப் பிறகு பத்து ரம்புத்தான் கன்று நட்டேன். ஒன்பது காய்ந்தது. பத்தாவதைப் பன்றி தோண்டிவிட்டது. என்ன செய்யலாம் என்று பாக் யூனுஸைக் கேட்டால் “பியார்” என்கிறார். விட்டுவிடு என்று அர்த்தம். உரம் போடவா? பியார். உழவா? பியார். இது ஒரு வைத்தியமா? ஒன்றும் செய்யாமலிருக்க ஒரு ஆள் நான்கு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டுமா?

ஜூலை 6

என் வெட்கத்தை என்னவென்று எழுத! லாலாங் மறுபடி இடுப்பளவு. பொறுமை போய், புதிதாக ஒரு நெருப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை காற்றைப் பார்த்துத்தான்! பாக் யூனுஸ் எங்கிருந்து பார்த்தாரோ, வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புல்லை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார். உள்ளே ஊதாப்பூவோடு செண்டுடுக் செடி. உள்ளங்கை அகல இலையோடு மஹாங் கன்றுகள் — ஒன்றிரண்டல்ல, நூறு இருக்கும்.

“யார் நட்டது?” என்று கேட்டேன்.

“யாரும் நடல. மண்ணுக்குள்ள எத்தன வருஷமா தூங்கின விதையோ. மேல இருந்த நிழல் போச்சு, முழிச்சிக்கிச்சு. இப்பக் கொளுத்து — லாலாங் ஒம்பது நாள்ல வந்துரும். இதுக வராது.”

நெருப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். அதிலேயே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, பெட்டியைத் தன் மடியில் செருகிக்கொண்டார். இந்த ஊரில் என் நெருப்புப் பெட்டி யார் யாரிடம்தான் இல்லை?

ஜூலை 18

லாலாங்கை வெட்டக் கூடாதாம், எரிக்கக் கூடாதாம், படுக்க வைக்க வேண்டுமாம். பலகையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தூக்கிப் போட்டு, கன்றுகளை விட்டுவிட்டு, புல்லின் மேல் ஏறி ஏறி மிதிக்கிறேன். மடங்கிப் படுத்த புல் எழுந்திருப்பதில்லை. நான்தான் இரண்டு தடவை விழுந்து எழுந்தேன். ஆயிஷா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

செப்டம்பர் 5

ரம்புத்தான் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். சுக்கு. அடியில் காளான் பூத்திருக்கிறது. இனி தளிர்க்காது. மஜீதாவிடம் யார் சொல்வது?

“அவளுக்குத் தெரியும். போன மாசமே வந்து பாத்துட்டா” என்றாள் ஆயிஷா.

“என்ன சொன்னா?”

“ரொம்ப நேரம் நின்னா. பலகைய யார் மிதிக்கிறதுன்னு கேட்டா.”

நவம்பர் 14

சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் பெண் குழந்தை. இருவரும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். ஒரு தொப்பியும் தைக்கவில்லை.

நவம்பர் 15

நஞ்சுக்கொடிச் சட்டியைத் துணியில் சுற்றிச் சுமந்துகொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு ஆயிஷாவோடு குருபோங் போனேன். பட்ட மரத்துக்குப் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று மஜீதா சொல்லியனுப்பியிருந்தாள். மஹாங் என் நெஞ்சளவு வந்துவிட்டது. அதன் நிழலில் லாலாங் வெளுத்து, நோஞ்சானாக நிற்கிறது. மண்வெட்டியைப் போட்டேன் — துள்ளும் என்று தோளை இறுக்கிக்கொண்டுதான் — பிடிவரைக்கும் இறங்கிவிட்டது. வெட்டிய மண்ணில் மண்புழு.

புதைத்தாயிற்று. வழக்கப்படி அதன் மேல் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். நான் நெருப்புப் பெட்டி கொண்டுபோகவில்லை. பையில் வைப்பதையே விட்டு மாசக்கணக்காகிறது. பாக் யூனுஸ் ஈரச் சாக்கோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

ஆயிஷா ஒரு கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். “வாப்பாவே ஏத்தட்டும்னு மஜீதா சொன்னா.”

முடிச்சை அவிழ்த்தேன். ஏப்ரலில் நிறையக் குச்சியோடு போன என் பெட்டி. திறந்தால், உள்ளே ஒரே ஒரு குச்சி.